கிணற்று வால்வும் இதய வால்வும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் கிணறு இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு புட்வால்வு பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அது. அதில் கசிவு வந்தால் மறுநாள் காலை மோட்டார் சும்மா உறுமும், தண்ணீர் வராது.

இளநிலை மாணவர்களுக்கு உயிரிப் பொறியியலின் அரிச்சுவடியைச் சொல்ல வருகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். 'உயிரியலும் பொறியியலும் இணையும் துறை' என்று இலக்கணம் சொல்லித் தொடங்கினால் வகுப்பு அதை எழுதிக்கொள்ளும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், தேர்வில் ஆங்கிலம் என்று வாழும் எல்லைப்பகுதி மாணவருக்கு அது மனப்பாடமாகும். விஷயம் பிடிபடாது.

இதயத்திலும் இப்படி ஒருவழிக் கதவுகள் நான்கு. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகின்றன. சிறு வயதில் வரும் ஒருவகைத் தொண்டை அழற்சியைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு அது ருமாட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டு வால்வுகளைச் சிதைக்கும். நெருக்கடியான வீடுகளில் எளிதில் தொற்றும் அழற்சி அது. நெருக்கடி என்றால் என்ன என்று இடுக்கியின் எஸ்டேட் லயங்களில் பிறந்த மாணவருக்கு விளக்க வேண்டாம்.

கெட்டுப்போன வால்வை மாற்ற வேண்டும். ஆனால் இறக்குமதி வால்வின் விலை ஏழைக்கு எட்டாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வர் ஆகியோரின் குழு 1970களின் பிற்பகுதியில் இந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தது. ஓர் உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கும் வட்டத் தட்டு. கேட்பதற்கு எளிது. ஆனால் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. மிகக் கடினமான செயற்கை நீலக்கல்லைக்கூடத் தட்டாக்கிப் பார்த்தார்கள். அந்த மாதிரியும் கைவிடப்பட்டது.

கடைசியில் கைகொடுத்தது ஒருவகை பாலிஎதிலீன். குடமும் வாளியும் செய்கிற பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவு. கூட்டுக்கு கோபால்ட் குரோமியக் கலவை, இதயத்தோடு வைத்துத் தைக்கும் வளையத்துக்கு பாலியெஸ்டர் துணி. ஆடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பின்னர் டிடிகே நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த வால்வு போய்ச் சேர்ந்திருக்கிறது.

வகுப்பில் சொல்ல வேண்டிய அரிச்சுவடி இந்தத் தோல்விகளில்தான் இருக்கிறது. எது உசத்தியான பொருள் என்பதல்ல கேள்வி. எதை ரத்தம் ஏற்கும், எது தேயாமல் கோடிக்கணக்கான முறை அசையும் என்பதே கேள்வி. நிபந்தனை போடுவது உடம்பு. பொறியாளர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

கதை இதோடு முடிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இயந்திர வால்வு வைத்துக்கொண்டவர் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். மருந்து கூடினால் ரத்தக்கசிவு. குறைந்தால் வால்விலேயே ரத்தம் உறையும். அளவு சரிதானா என்று அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும். நகரவாசிக்கு அது அரை மணி நேர வேலை. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும்.

ஆக, வால்வு உடம்போடு ஒத்துப்போனால் மட்டும் போதாது. அந்த உடம்பு வாழும் வாழ்க்கையோடும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பெண்ணின் பஸ் பயணத்தை எப்படிக் குறைப்பது என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டுவிட்டால், அவர் துறைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். இலக்கணத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.