கரண்ட் திரும்பி வரும்போது

திருப்பதி மாவட்டம் ஏர்ப்பேடு பக்கத்தில் இருக்கும் மாதவமாலா, மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2022 ஏப்ரல் வரை இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. நான் போன பட்டறையில் வேப்பமரத்தில் ஒரு பெருமாள் பாதி உருவாகியிருந்தார். கிரீடம் வந்துவிட்டது, முகம் இன்னும் கட்டைதான்.

மரத்தைக் கழித்து உருவம் ஒதுக்குவதெல்லாம் இப்போது கிரைண்டரிலும் கட்டரிலும்தான். நாள்கணக்கில் வாய்ச்சியால் செதுக்கிய வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது. "உளி, நம்ம கை நின்னா நிக்கும் சார். இது சுவிட்ச் அணைச்ச பிறகும் சுத்தும்" என்றார் மேஸ்திரி, தமிழும் தெலுங்கும் கலந்து. நாலு அங்குல கிரைண்டரின் தட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அது முழுக்க நிற்கும்வரை மிஷினைக் கீழே வைக்க அவர் விடுவதில்லை. தோளில் துண்டோடு யாரும் மிஷின் பக்கம் வரக் கூடாது. துணிக் கையுறையும் ஆகாது, நூல் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும்.

பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கிரைண்டர் பிடித்திருந்த பையன் முதலில் பிளக்கைப் பிடுங்கினான், பிறகுதான் டீக்குப் போனான். அந்த மிஷினின் சுவிட்ச், தள்ளினால் அப்படியே நின்றுகொள்ளும் வகை. மறந்து வைத்துவிட்டுப் போனால், கரண்ட் வந்ததும் தரையில் கிடப்பது தானாகத் துள்ளி ஓடும், தன் வயரையே வெட்டும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில், எந்தக் கண்ணாடி, முகமூடியைவிடவும் இந்தப் பழக்கம்தான் பெரிய காப்பு என்று எனக்குப் பட்டது.

ஆனால் வயர் விஷயத்தில் அதே கவனம் இல்லை. மிஷினுக்குள் வயர் நுழையும் கழுத்தில் ரப்பர் வெடித்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வயரைப் பிடித்தே மிஷினைத் தூக்குவதால் வரும் வினை. இன்னொரு கட்டருக்குப் பிளக்கே இல்லை. இரண்டு கம்பிகளைத் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். பிளேடைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதைச் சட்டை செய்வதில்லை. இரட்டைக் காப்பு மிஷினில் சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்டிருக்கும். அதற்கு எர்த் வேண்டாம், இரண்டு பின் போதும். அந்தக் காப்பெல்லாம் வயர் கிழியாத வரைதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுப் பக்கம் இருந்தது, பட்டறை லைனில் இல்லை.

பல் பிளேடு மாட்டிய மார்பிள் கட்டரைப் பற்றி மேஸ்திரியோடு சின்ன வாக்குவாதம். கல்லுக்குச் செய்த மிஷின் அது. மரத்தில் கணு வந்தால் பல் மாட்டி ஆள்மேல் எகிறும். அதன் கார்டையும் கழற்றியிருந்தார்கள். "கார்டு இருந்தா கோடு தெரியலையே சார்!" என்றார். கோடு பார்த்துப் போக வேண்டிய இடத்தை உளிக்கு விடலாமே என்றேன். முகவேலையை அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். மற்றதற்கு நேரமில்லையாம், ஆர்டர் கொடுத்தவர் அவசரப்படுகிறார். தீக்குச்சி செருகிய கட்டருக்கு மட்டும் அன்றைக்கே பிளக் வாங்கிவரப் பையனை அனுப்பினார்.