அப்பாவின் காது

வானொலியில் பேசுவது என் தொழில். தொலைபேசியில் வரும் நேயரின் குரல் லேசாக மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடிப்பேன். அப்பாவின் பழைய கார் அந்தப் பெருமையை உடைத்தது.

அப்பா, ரந்தாவ் பக்கம் லின்சம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 90களில் வந்த அந்த ஜப்பானியக் காரைத் தம் சேமநிதிப் பணத்தில் வாங்கினார். சில மாதங்களாகக் காலையில் முடுக்கினால் நின்ற இடத்திலேயே நடுங்கும். நகரத்துப் பட்டறை ஒன்றில் இன்ஜெக்டர்களைக் கழுவச் சொன்னார்கள். கழுவியும் நடுக்கம் நிற்கவில்லை.

"வித்துடலாம்பா" என்றேன்.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுன்னு எத்தனை தடவை சொல்றேன். உனக்குக் கேக்கலயாம்மா?"

எனக்குக் கேட்கவில்லை. ரந்தாவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனோம். அவர் ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் மெல்ல நகர்த்தினார். "ஐயா சொன்னது சரிதான். காத்துக் குழாய் வெடிச்சிருக்கு."

பெட்ரோல் தூவும் இன்ஜெக்டருக்குக் காற்றுக் குழாய் எதற்கு என்று கேட்டேன். "இஸ்திரி போடும்போது வாயில தண்ணிய வச்சி ஊதுவோம்ல, அது மாதிரிதான்" என்று விளக்கினார்.

கார் நின்றபடி ஓடும்போது இன்ஜினுக்குள் காற்று மெதுவாகவே போகும். பெட்ரோல் பெரிய துளிகளாக விழுந்து சுவரில் ஒட்டும், சரியாக எரியாது. அதனால் டொயோட்டா, பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் 90களில் சில இன்ஜின்களில் இன்ஜெக்டரின் நுனிக்கே தனியாகக் காற்றைக் கொண்டுவந்தன. அதற்குப் பம்பு தேவையில்லை. எண்ணெயை மிதிக்காதபோது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிகூட இருக்காது. அந்த வேறுபாடே காற்றை உறிஞ்சி, துளிகளைச் சிதறடித்துப் பனிபோல் ஆக்கும். முழுக்க மிதித்தால் வேறுபாடு மறையும். ஆனால் அப்போது காற்று வேகமாகப் பாய்வதால் இந்த உதவி தேவைப்படாது. பிறகு பல நுண்துளைகள் கொண்ட இன்ஜெக்டர்கள் வந்ததும் இந்த ஏற்பாடு குறைந்துபோனது.

எங்கள் காரில் வெடிப்பு வழியே கணக்கில் வராத காற்று நுழைந்து, கலவையைக் கெடுத்திருக்கிறது.

கழற்றிய குழாயை அப்பா வளைத்துப் பார்த்தார். "இது நம்ம மரத்துப் பால் இல்ல." உண்மைதான். இயற்கை ரப்பர் பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். அதனால் இன்ஜினில் இத்தகைய இடங்களுக்குச் செயற்கை ரப்பரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் சூட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகி வெடிக்கும்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி மரம் சீவப் போவோம். விளக்கு வெளிச்சம் மரத்துக்குத்தான். காலடியில பாம்பு இருக்கான்னு காதாலதான் பாக்கணும். உஸ்ஸுன்னா அப்படியே நின்னுடுவேன்."

புதுக் குழாய்க்குச் சில வெள்ளிதான் ஆனது. விற்றிருந்தால் அவர் இத்தனை வருடம் சேர்த்த உழைப்பை இரும்பு விலைக்குக் கொடுத்திருப்பேன். மூன்று மாதமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஊரார் பேச்சையெல்லாம் கேட்கும் நான் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கார் நடுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். வானொலியை அணைத்துவிட்டுத்தான்.