கூட்டத்துக்கு வராத சிஸ்டர்

1984. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். நைட் டியூட்டியில் ஐம்பது நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். நடுராத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோனது. வார்டில் வேறு சிலிண்டர் இல்லை. பக்கத்து வார்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து மாட்டினோம், நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனாலும் காலையில் என் பெயருக்கு மெமோ வந்தது.

அழுதுகொண்டு நின்றேன். பக்கத்து வார்டு ஹெட் நர்ஸ் அக்கா, "அழுறதை அப்புறம் வச்சுக்க. முதல்ல இண்டென்ட் புக்கை எடு" என்றார். சிலிண்டர் கேட்டு மூன்று முறை எழுதியிருந்தேன். ஸ்டோரில் இருந்த தன் பேட்ச் தோழியிடம் பேசித் தேதிகளைச் சரிபார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் எழுத வைத்தார். மெமோ ரத்தானது. மறுமாதமே அந்த அக்கா இருந்த டி.என்.ஏ.ஐ. சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்.

1908-இல் தோன்றிய சங்கம். 1910 முதல் அதற்கென்று ஒரு பத்திரிகையும் உண்டு. மினிட்ஸ் எழுதவும், ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும் பழகியது அங்கேதான். டாக்டர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தே பேசலாம் என்று தெரிந்துகொண்டதும் அங்கேதான். (எங்கள் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை!) நான் சூப்பரின்டென்டென்ட் ஆனபோது, எந்த ஊர் மருத்துவமனையிலும் போன் போட்டுக் கேட்க ஒரு சிஸ்டர் இருந்தார்.

அதே பழக்கம்தான் என்னைத் தவறவும் வைத்தது. சென்னையில் ஒரு ஐ.சி.யூ. பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். யோசிக்காமலே சங்கக் கூட்டங்களில் கலகலப்பாகப் பேசும் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தேன். நல்ல பெண்தான். ஆனால் தீக்காய வார்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை.

அவர் என் அறைக்கு வந்தார். கோபமில்லை. "மேடம், நீங்க மீட்டிங் வைக்கிற சாயங்காலத்துல எல்லாம் நான் டியூட்டியில இருப்பேன். இல்லைன்னா படுத்த படுக்கையா இருக்கிற மாமியாரைப் பார்த்துக்கணும். அதனால என்னை உங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் முதல் கூட்டத்தை ஷிஃப்ட் மாறும் மதியம் ஒரு மணிக்கு மாற்றினேன். முதல் கூட்டத்துக்கே வந்தார், டிபன் பாக்ஸோடு. டிரஸ்ஸிங் பற்றி அவர் பேசிய பத்து நிமிடமும் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

மறுபடி பயிற்சிக்குப் பெயர் கேட்டு வந்தபோது அவருக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது.