தட்டும் வண்டியும்

அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம். சுமார் 175 கிராம் எடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதை வீசி, விழுந்த இடம்வரை நடந்து, அங்கிருந்து மறுபடி வீசி, சங்கிலி தொங்கும் கூடையில் சேர்க்கவேண்டும். பெரும்பாலும் 9 அல்லது 18 கூடை. மைதானங்களில் அதிகமானவை பொதுப் பூங்காவில், காசில்லாமல் ஆடக் கிடைக்கின்றன. சில தனியார் இடங்களில் மட்டும் கட்டணம் உண்டு. அவற்றிலும் சிலவற்றில், ஏறிப்போக வண்டியை வாடகைக்குத் தருகிறார்களாம். அந்த வண்டிதான் என்னை விடவில்லை. வீசுவதும் நடப்பதுமே ஆட்டம் என்றால், அதில் பாதியை விட்டுக்கொடுக்கவா வாடகை?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கலெக்டர் ஆபீஸ் பக்கம் நின்றால் மலை தெரிகிறது. அதைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் வந்து நடக்கிறார்கள், டிக்கெட் இல்லை. நிறைமாத அரசி நடப்பதுபோல மெல்ல நடக்கவேண்டும் என்பது இங்கே வழிவழியாக வரும் பேச்சு; ரமண மகரிஷியும் அதைச் சொன்னதுண்டு. அதே பாதையில், ஓரத்து லிங்கக் கோயில் ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றிக்கொண்டு ஆட்டோவும் போகிறது. முட்டி தேய்ந்த பாட்டிக்கு அந்த வாடகை மலையைக் கொடுக்கிறது. கால் நன்றாக இருக்கும் முப்பது வயதுக்காரரிடமிருந்து அதே வாடகை மலையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்த ஆட்டத்தை நிலைநிறுத்திய எட் ஹெட்ரிக்கை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஃபிரிஸ்பி செய்யும் வாம்-ஓ கம்பெனியில் இருந்தவர். தட்டு தள்ளாடாமல் பறப்பதற்கு அதன் மேல்பக்கத்தில் வளைய வளையமாக வரிகள் வைத்து, 1967-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே ஆட்கள் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் குறிவைத்து வீசிக்கொண்டுதான் இருந்தார்கள். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் இவர் வகுத்தது. பிறகு சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார். தட்டு சங்கிலியில் மோதி வேகம் செத்துக் கூடைக்குள் விழும். 2002-இல் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். விற்ற பணம் இந்த ஆட்டத்துக்கென ஓர் அருங்காட்சியகம் அமைப்பதற்கு என்று ஏற்பாடு. தான் உண்டாக்கிய விளையாட்டில், செத்த பிறகும் பறந்துகொண்டிருக்க ஒரு மனிதர் விரும்பியிருக்கிறார்! நம் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. கார்த்திகை மகாதீபம் எரிந்து முடிந்த கொப்பரையை மலையிலிருந்து இறக்கி, அதன் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாற்றி, பிறகு பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். எரிந்ததில் மிஞ்சியதை நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஊர் இது.

ஆனாலும் இலவசம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலையில் கிரிவலப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொன்னை, பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாட்டில். அத்தனையையும் குனிந்து அள்ளுகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். நாம் கொடுக்காத கட்டணத்தை அவர்கள் முதுகு கொடுக்கிறது. டிஸ்க் கோல்ஃபிலும் புல்லை யாரோ வெட்டவேண்டும், துருப்பிடித்த சங்கிலியை யாரோ மாற்றவேண்டும். அந்தக் கைகளுக்குப் போய்ச் சேரும் கட்டணம் எவ்வளவு என்றாலும் நியாயம் என்பேன்.

அநியாயம் எங்கே என்றால் சென்னையின் கிண்டியைச் சொல்வேன். குதிரைப் பந்தயத்துக்கென்று 1945-இல் 160.86 ஏக்கர் அரசு நிலம், 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஓடுபாதைக்கு நடுவே கோல்ஃப் மைதானம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து பூட்டு போட்டது. விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. அத்தனை பெரிய பசுமை அத்தனை சல்லிசாகச் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு நம் பையன்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டு, டர்ஃபில் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்து, விளக்கு அணைவதற்குள் பந்தை உதைத்துவிட்டு வருகிறார்கள். தெருவில் இடமில்லை, பொட்டலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. வேறு என்ன செய்வார்கள்?

டிஸ்க் கோல்ஃபுக்குச் சமதளம் வேண்டாம், செயற்கைப் புல் வேண்டாம், விளக்கும் வேண்டாம். மரங்கள் நடுநடுவே நின்றால் ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கும். ஒன்பது கூடை போதும். ஆள் நடமாட்டம் குறைந்த ஏதாவது ஒரு புறம்போக்கில், வேலமும் புங்கமும் நிற்கிற இடமாகப் பார்த்து நடலாம். ஒரு குழாய், இரண்டு வளையம், கொஞ்சம் சங்கிலி: வேலூர் ரோட்டில் உள்ள வெல்டிங் பட்டறைக்காரரிடம் படத்தைக் காட்டினால் செய்து கொடுத்துவிடுவார். ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கி, இடத்தைப் பெருக்குகிறவருக்குச் சம்பளமாகக் கொடுத்துவிடலாம்.