எஞ்சின் எண்ணெயின் தூய்மை

அமெரிக்காவில் 1994 முதல் 2003 வரை விற்பனையான ஃபோர்டு பிக்கப்களின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில், எண்ணெயானது உராய்வைத் தணிப்பதோடு அமையாமல், உயரழுத்தப் பம்பினால் உந்தப்பெற்று இன்ஜெக்டர்களை இயக்கும் பொறுப்பையும் ஏற்றிருப்பதால், அதன் தூய்மை அந்த யந்திரத்துக்குப் பிராணனை ஒத்ததாகும். இந்த எஞ்சினைக் கொண்ட என்னுடைய பழைய எஃப்-250 வண்டிக்குச் சென்ற வாரம் பைபாஸ் ஃபில்டர் ஒன்றை நானே பொருத்தினேன். பிரதான ஃபில்டர், எண்ணெய் முழுவதையும் தடையின்றி ஓடவிட வேண்டிய நிர்ப்பந்தத்தால், சூட்சுமமான கரித்துகள்களைத் தப்பவிடுகிறது. பைபாஸ் ஃபில்டரோ, சிறு துவாரத்தின் வழியே சொற்ப பாகத்தை மட்டும் வாங்கி, நிதானமாக வடித்து, மீண்டும் ஆயில் சம்ப்புக்கே சேர்ப்பிக்கிறது. எண்ணெய் கறுப்பது இதனால் நின்றுவிடாது. ஆயினும் தேய்மானம் குறையும் என்பதே என் திடமான அபிப்பிராயம். பொருத்த எண்ணும் நண்பர்களே, ஃபில்டருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் ஹோஸ் எங்கும் உராயாதபடி முதலில் வழி பாருங்கள்; அது அறுந்தால் எண்ணெய் முழுதும் வடிந்து எஞ்சினே நாசமாகிவிடும்.