பெடல் பள்ளத்துக்குப் போகிறது

குற்றாலம் சீசன் வந்துவிட்டால் சிவகாசிப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளாது. அருவியோடும் திரும்ப மாட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டி, புளியரையில் மலையேறி, ஆரியங்காவு வரை ஒரு விரட்டு. இறங்கும்போது பிரேக் நிற்கவில்லை என்ற புகார் மட்டும் வருஷா வருஷம் வருகிறது. என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் விருதுநகரில் ஒரு உதிரிபாகக் கடை. "மலைக்கு எந்த பிரேக் ஆயில் நல்லது அண்ணாச்சி?" என்றேன். "நம்பர் கூடக்கூட நல்லது தம்பி. டாட் 5 கிடைச்சா கண்ணை மூடிட்டு ஊத்துங்க." அலமாரியில் இருந்தவை டாட் 3, டாட் 4 மட்டும்தான். டாட் 4 அரை லிட்டர் 240 ரூபாய். கல்லா ஓரத்தில் பாதி காலியான ஒரு பாட்டில், மூடி சரியாகத் திருகப்படாமல் நின்றது. சில்லறைக்கு ஊற்றிக் கொடுப்பது அதிலிருந்துதானாம்.

அங்கிருந்து சிவகாசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் பட்டாசுக் கடைப் பலகைகள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெள்ளைக் கார் பானட் திறந்து நின்றது. ஆயில் டப்பாவின் மூடியைத் துடைத்துப் படித்தேன்: டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து மட்டும். அண்ணாச்சி சொன்ன டாட் 5 சிலிக்கான் வகை. இந்த கிளைகால் ஆயிலோடு சேரவே சேராது. 5.1 என்பது வேறு, அது கிளைகால்தான்.

"போன வருஷம்தான் மாத்தினேன்" என்றார் கார்க்காரர். உள்ளே ஆயில் கறுத்த பழுப்பில் இருந்தது. மெக்கானிக் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை முக்கினார். சிவப்பு விளக்கு. "ஆயில் நமத்துப்போச்சு சார்" என்றார். பட்டாசு ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230, 5.1 என்றால் 260 என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே எண்கள் 140, 155, 180. ஆக, நமத்த டாட் 4-ஐ விடப் புது டாட் 3 எவ்வளவோ மேல். பையன்கள் நம்பரைக் கேட்கிறார்கள்; எப்போது மாற்றியது என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். விரட்டி ஓட்டுகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் தப்பில்லை.

நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, பழைய ஆயிலைத் தள்ளி, காற்று எடுத்தார்கள். ஒரு சொட்டு ஃபெண்டரில் விழுந்ததும் பையன் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினான். விட்டால் பெயின்ட் உரிந்துவிடும். கூலி 500.

மறுநாள் ராஜபாளையம், தென்காசி வழியாகப் புளியரை. லாரிகள் சின்ன கியரில் முனகிக்கொண்டு இறங்கின. ஏறின கியரிலேயே இறங்கு என்பது டிரைவர்களின் பழைய பாடம். அவற்றில் ஏர் பிரேக், கொதிக்க ஆயிலே கிடையாது. இருந்தும் லைனிங் கருகும் வாடை மூக்கில் ஏறியது. லைனிங் சூடேறினால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடலே பள்ளத்துக்குப் போகும்.

வளைவுகளில் கார்களின் பின்விளக்கைக் கவனித்தேன். பலருக்கு அது அணையவே இல்லை. அடிவாரத்தில் ஒரு சிவப்புக் கார் ஓரங்கட்டியது. முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே சுட்டது. ஓட்டிவந்த பையன் பெடலை மிதித்துக் காட்டினான். தரை வரை போனது. தண்ணீர் ஊற்றலாமா என்றான். டிஸ்க் வளைந்துவிடும், ஆறட்டும் என்றேன். டீ குடித்து முடிப்பதற்குள் ஆவி அடங்கிப் பெடல் கெட்டியாகிவிட்டது. ஆயிலை மாற்றச் சொன்னேன்.

"அதான் சரியாயிடுச்சே சார்" என்று வண்டியைக் கிளப்பினான்.