வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிகள் திறக்கும்போது, புதிதாகச் சேரும் பிள்ளையின் பெற்றோர் கைக்குச் சேர்க்கைப் படிவத்தோடு இன்னொரு தாளும் வருகிறது. அதில் நான்கே கேள்விகள். பிள்ளை முதன்முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் அது அதிகம் பேசுவது எது? நீங்கள் பிள்ளையிடம் பேசுவது எது? வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் பேசுவது எது? குடியுரிமை, வருமானம், மதம் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் கிடையாது. முதல் மூன்று பதில்களில் ஒன்றிலாவது ஆங்கிலம் அல்லாத மொழி வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் பள்ளி அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதித்தாக வேண்டும். நான்காவதில் மட்டும் வந்தால் பள்ளி யோசித்து முடிவு செய்யலாம். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கிலும் சோதனை நடக்கும். முடிவைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். ஆங்கிலம் போதாதென்றால் தினமும் அதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும், மற்றப் பாடங்களிலும் கைகொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் மறுபடி சோதிக்க வேண்டும். பிள்ளை தேறிய பிறகும் நான்கு ஆண்டுகள் அதன் படிப்பைக் கவனித்து வர வேண்டும். தலைமையாசிரியருக்கு மனமிருந்தால் செய்யலாம் என்ற இடமே இதில் இல்லை.

இது தானாகக் கிடைத்த நல்லெண்ணமும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் தொடுத்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே கட்டடம் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகிவிடாது, பாடம் நடக்கும் மொழி புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வியே கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிதான் நினைவுக்கு வருகிறது.

கும்மிடிப்பூண்டியை ஒற்றை மொழி ஊராக யாரும் பார்த்ததில்லை. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஏரிக்கரையிலும் அரிசி ஆலையிலும் சூளையிலும் வேலை தேடி இடம் மாறும் இருளர் குடும்பங்கள் இதே மாவட்டத்தவர்கள். இவர்களோடு சிப்காட்டின் உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா, காலாஹாண்டியிலிருந்து குடும்பத்தோடு செங்கல் சூளைகளுக்கு வருபவர்கள். சூளையில் கூலியை ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால் பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சென்னையின் அடுக்குமாடிகளுக்குச் செங்கல்லும் கம்பியும் இந்தப் பெற்றோர்களின் உழைப்பில் போகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் யூனியன் பள்ளிக்கு வந்தால் என்ன கிடைக்க வேண்டும் என்பது மாநிலம் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

சோறு கிடைக்கிறது. இதை அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பெருமையோடுதான் எழுதுகிறேன். வீட்டு வருமானம் கேட்காமல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச உணவு என்ற நிலையைக் கலிஃபோர்னியா 2022இல்தான் எட்டியது. இந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலமும் அதுவே. நம்மிடம் காமராசர் 1956இல் தொடங்கியதை எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பணத்திலும் நம் முறை மேலானது. அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற தனி அமைப்பு. அதன் வருமானத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரி. வீட்டு மதிப்புக் குறைந்த பகுதியில் பள்ளியும் ஏழையாகிவிடக்கூடும். அது அரசியல் சாசனத்துக்கு முரண் இல்லை என்று 1973இல் சான் அன்டோனியோ வழக்கில் உச்ச நீதிமன்றமே 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. பொன்னேரி கல்வி மாவட்டத்தின் ஆசிரியர் சம்பளம் கும்மிடிப்பூண்டிக் குடிசைகளின் வரியை நம்பி இல்லை, மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஏழைப் பகுதி என்பதற்காகப் பள்ளியைப் பட்டினி போடாத ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. அதனால்தான் இல்லாத ஒன்று இன்னும் உறுத்துகிறது.

சத்துணவு ஏன் நிலைத்தது? பந்தியில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தட்டு வைத்தே ஆக வேண்டும், ஹெச்.எம். யாராக இருந்தாலும் அது மாறாது. மொழிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயலச் சொல்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி ‘இயன்றவரை’ தாய்மொழியாக இருக்கட்டும் என்கிறது. முயல்க, இயன்றவரை என்ற இந்த இரு சொற்களின் இடுக்கில்தான் சூளைப் பிள்ளை விழுந்துவிடுகிறது. முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் ஒடியா பாடநூல்களை வரவழைத்து, அந்த மொழி தெரிந்தவர்களை வைத்து, சூளைகளின் அருகே வகுப்புகள் நடந்தன. அக்கறையுள்ள அதிகாரியும் தொண்டு நிறுவனமும் இருந்த இடத்தில் நன்றாகவே நடந்தன. அவர்கள் மாறிப்போனால் வகுப்பும் போய்விடக் கூடாதென்றால் அது கடமையாக எழுதப்பட வேண்டும். மாணவர் விவரப் பதிவில் தாய்மொழிக்கென்று ஒரு கட்டம் ஏற்கெனவே உண்டு. கலிஃபோர்னியாவில் அந்தப் பதில் பள்ளியை வேலை செய்யவைக்கிறது. நம்மிடம் அது புள்ளிவிவரமாக நின்றுவிடுகிறது.

ஆறு மாதத்தில் போய்விடும் பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு என்பது முதல் ஆட்சேபம். போய்விடுகிறது என்பதே உதவிக்கான காரணம் என்று அமெரிக்கா 1966இலேயே ஏற்றுக்கொண்டது. பயிர்களின் பருவத்தைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று அந்த ஆண்டு தனிக் கல்வித் திட்டம் தொடங்கியது. இன்று அவர்களுடைய மதிப்பெண்ணும் தடுப்பூசி விவரமும் மாநிலம் விட்டு மாநிலம் பின்தொடர்கின்றன. நம் கல்வி உரிமைச் சட்டமும் டி.சி. இல்லை என்று சேர்க்கையைத் தாமதிக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. நாடு முழுவதற்குமான நிரந்தரக் கல்வி எண்ணும் வந்துவிட்டது. திருவள்ளூரில் ஆறு மாதம் படித்தது பலாங்கீர்ப் பள்ளியின் பதிவேட்டில் ஏற இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது மொழிப்பற்றிலிருந்து வருகிறது. பிள்ளையின் மொழிக்கு இடம் கொடுத்தால் இந்தி பின்வாசல் வழியாக நுழைந்துவிடாதா? நான் கேட்பது பிள்ளையைத் தமிழுக்குக் கூட்டிவரும் ஏணி. நான்கு கேள்விகள், எளிய சோதனை, முதல் சில மாதங்களுக்கு அதன் மொழி தெரிந்த ஒரு தன்னார்வலர், தினமும் தமிழுக்கென்று ஒரு மணி நேரம். இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர்களைத் திரட்டிய மாநிலத்துக்கு இது எட்டாத காரியமா? எண்ணும் எழுத்தும் இயக்கம் 2022இல் தொடங்கியதும் இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான். 2006இன் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், 2023இல் உச்ச நீதிமன்றம்வரை அது போனது. நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்குத் தமிழைத் தனியாகக் கற்பிக்கும் கடமையை வைக்காமல் தேர்வை மட்டும் வைத்தால், தமிழ் அதற்கு மிரட்டும் மொழியாகத்தான் தெரியும். புரியாத மொழியை ஒரு பிள்ளைமேல் சுமத்துவது எப்படிப்பட்ட அநீதி என்று நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர்கள் நாம். ஒடியாவிலும் இதே கவனம் தேவைப்படும். மேற்கு ஒடிசாக் குடும்பங்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி, பாடநூலின் ஒடியா அதிலிருந்து விலகி நிற்கிறது. ஆகவே எந்த மாநிலம் என்று கேட்டால் போதாது, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் நம் இருளர் பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் செய்யட்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திர எல்லை தாண்டி வேலைக்குப் போய் நடு ஆண்டில் திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதே பதிவும் இதே சிறப்புப் பயிற்சியும்தான் வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் மேற்கு ஒடிசாவில் நுவாகாய், புத்தரிசிப் பண்டிகை. அதையொட்டித்தான் தரகர்கள் சூளை அட்வான்ஸைக் கொடுக்கத் தொடங்குவார்கள். பிறகு காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் மூட்டையும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் ஏறும். பொங்கலுக்குள் பெரும்பாலோர் திருவள்ளூர் வந்துவிடுவார்கள். நான்கு கேள்விகளை ஒடியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் அச்சடித்து, கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளி மேசையிலும் வைக்க அதுவரை நேரம் இருக்கிறது.